ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஹெரால்டு: வாங்கலாமா, வேண்டாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வங்கி ஊழியரான நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் சர்க்கரை நோய் பற்றி டாக்டர் பேசினார். அதற்கு முந்தைய கூட்டத்தில் மழைநீர் சேகரிப்பு. இந்த முறை என்னைப் பேசச் சொல்லி செயலாளர் கேட்டபோது, "உயில் எழுதுவது பற்றிப் பேசட்டுமா?" என்றேன். "வேண்டாம் சார், ஆறு மாசமா நீங்க ஒரு பழைய கார் பின்னாடி அலைஞ்சீங்களே, அதைச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கறாங்க" என்றார். நான் அலைந்தது இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆகவே சொல்கிறேன்.

முதலில் அந்த ஆசை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1971-ல் எனக்கு 11 வயது. அப்பா முதல் சுரங்கத்தில் வேலை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். சுரங்கத்தில் ஜெர்மன் இயந்திரங்கள், அனல் மின் நிலையத்தில் ரஷ்ய இயந்திரங்கள். ஆனால் தெருவில் ஓடியதெல்லாம் சைக்கிள்தான். ஷிஃப்ட் சங்கு ஊதினால் சைக்கிள் வெள்ளமாகப் போகும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் இன்ஜினியர் வீட்டில் மட்டும் வெளிர்நீலத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கும். ஐப்பசி மாதம், நல்ல மழை, நடு ராத்திரி. அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அப்பா நைட் ஷிஃப்டில். பாட்டி என்னைப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னார். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லுங்கியோடு வந்து காரை எடுத்தார். முன் சீட்டில் அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். பின் சீட்டில் பாட்டியும் நானும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் என் தங்கை பிறந்தாள். மறுநாள் அப்பா அந்தக் காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒருநாள் நாமளும் வாங்கலாம்டா" என்றார். அப்பா கடைசி வரை சைக்கிள்தான். நான் 1983-ல் வங்கியில் சேர்ந்தேன். ஸ்கூட்டர், பிறகு மாருதி. ஹெரால்டு மட்டும் மனசில் நின்றுவிட்டது.

இந்த மார்ச் மாதம் கடலூரிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் போன் செய்தார். கடலூர் ஓ.டி.யில் ஒரு வீட்டு ஷெட்டில் 1966 மாடல் ஹெரால்டு நிற்கிறது, வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், அந்த அம்மா விற்க நினைக்கிறார் என்று. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் கடலூரில் இருந்தேன்.

இளைஞர்களுக்காக ஹெரால்டு பற்றிச் சில வார்த்தைகள். அது இங்கிலாந்துக் கார். டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வந்தது. உருவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கலாட்டி என்ற இத்தாலியர். அதை 1961 முதல் நம் சென்னைப் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றுதான். கல்கத்தாவிலிருந்து அம்பாசடர், அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. பம்பாயிலிருந்து ஃபியட், அது இத்தாலி. மெட்ராஸிலிருந்து ஹெரால்டு. ஆக மூன்றுமே ஐரோப்பியப் பிறப்பு, இந்திய வளர்ப்பு. ஹெரால்டுக்கு இன்ஜின் 948 சிசி. பானெட்டை முன்பக்கமாகத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து மூக்கு முழுவதும் திறந்துகொள்ளும். டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். ஸ்டியரிங்கை ஒடித்தால் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். பிற்காலத்தில் நாலு கதவு வைத்த மாடலும் வந்தது. அது இந்தியாவில் மட்டும்தான். பிறகு 1972-ல் கெஸல். கடைசியாக 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. அதோடு தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். மறுபடி அங்கே வருகிறேன்.

கடலூரில் ஷெட்டைத் திறந்தார்கள். அதே இரண்டு கதவு. அதே வெளிர்நீலம், மங்கிப்போய். என்னால் இரண்டு நிமிடம் பேச முடியவில்லை. அந்த அம்மாவுக்கு 78 வயது. "அவரு போய் மூணு வருஷம் ஆச்சு தம்பி. பழைய இரும்புக்காரன் வந்து 25,000 தரேன்னான். உடைச்சுப் போட்டுருவானேன்னு குடுக்கல. ஓட்டறவங்களுக்குக் குடுக்கணும்" என்றார். கேட்ட விலை 2,25,000 ரூபாய். பையில் செக் புத்தகம் இருந்தது. அட்வான்ஸ் எழுதக் கை போயிற்று.

அப்போது என்னைத் தடுத்தது என் பழைய நாற்காலி. 37 வருட வங்கி வேலையில் பல வருடம் கடன் பிரிவில் இருந்தேன். இந்த ஊரில் எத்தனையோ பேருடைய வண்டிக் கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்திருக்கிறது. கண்ணில் ஆசையோடு வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்பேன். வண்டி எதற்கு? பேப்பர் சரியாக இருக்கிறதா? மாதாமாதம் ஆகும் செலவை எங்கிருந்து எடுப்பீர்கள்? அடுத்தவரிடம் கேட்ட கேள்வியை நம்மிடம் கேட்டுக்கொள்ளாமல் செக் எழுதினால் அது நியாயமா? "ஒரு மாசம் டைம் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு மாதம் ஆறு மாதம் ஆயிற்று. அந்த அம்மா பொறுமையாக இருந்தார்.

முதலில் பேப்பர். ஆர்சி புத்தகம் இறந்தவர் பெயரில். புதுப்பித்தது 2013 வரை. தனியார் கார் 15 வருடம் முடிந்தபின் ஐந்தைந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆயிற்று. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, 2025 ஆகஸ்டில், 20 வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த கார் என்றால் 80,000. ஹெரால்டு இங்கேயே செய்தது, தப்பித்தோம். புதுப்பிக்கத் தாமதமானால் மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணமும் விதியில் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து எண்ணினால்கூட 41 மாதம், 20,500 ரூபாய். பசுமை வரி தனி. இதெல்லாம் கட்டினாலும், ஆய்வாளர் வண்டியைப் பார்த்து ஓடத் தகுதி என்று சொன்னால்தான் பதிவு.

"பழங்கால வண்டிக்குத் தனிப் பதிவு இருக்கிறதே?" என்று இங்கே ஒருவர் கேட்டார். இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதி. 50 வருடம் தாண்டிய, உருவம் மாற்றாத வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்து கொண்ட நம்பர் தருவார்கள். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வண்டியை வழக்கமாகச் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குக் கொண்டுபோக என்று இப்படிச் சிலவற்றுக்குத்தான் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை வடலூர் வரை போய்க் காபி குடித்துவிட்டு வருவது அந்தப் பட்டியலில் இல்லை. ஜெர்மனியில் 30 வருடம் ஆன பழைய காருக்கு 'எச்' என்று முடியும் நம்பர் கொடுத்து, ஓட்டவும் விடுகிறார்கள். இங்கிலாந்தில் 40 வருடம் தாண்டினால் சாலை வரியே இல்லை. நம் ஊரில் வார இறுதிக்கு ஓட்ட வேண்டுமானால் சாதாரணப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கும் முன் ஆர்சியைக் கேளுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்தது வண்டி. நமக்கு இன்ஜின் தெரியாது. சுரங்க ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். 72 வயது. இளம்வயதில் ஹெரால்டு வேலை பார்த்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் கதவைத் திறந்து மூடி ரசித்துக்கொண்டிருந்தேன். அவர் கோணியை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். "சார், இங்க குனிஞ்சு பாருங்க" என்றார். சேஸியின் பக்கவாட்டுக் கையில் அதை வைத்து அழுத்தினார். அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது.

ஹெரால்டுக்கு லாரி மாதிரி தனிச் சேஸி. அதன் மேல்தான் பாடியை போல்ட் போட்டு வைத்திருப்பார்கள். சேஸி போனால் கார் போன மாதிரி. கடற்காற்று ஒரு பக்கம். 2015 வெள்ளத்தில் ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றதாம். அது ஒரு பக்கம். நம் ஊர் சாம்பல் தூசியை நாம் குறை சொல்கிறோம். உப்புக்காற்றுக்கு முன் அது ஒன்றுமே இல்லை என்றார் நண்பர். பின்பக்க ஆக்சிலையும் ஆட்டிப் பார்த்தார். அதன் ஜாயின்ட் தேய்மானம் இந்தக் காரில் பழைய வியாதி.

பெட்ரோலைப் பற்றியும் சொன்னார். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் எல்லாம் அதற்குத் தாங்காது, ஊறிப்போகும். தாங்கும் ரகமாக மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். சித்திரை வெயிலில் பம்ப் சூடாகிப் பெட்ரோல் ஆவியானால் வண்டி நடு ரோட்டில் நின்றுவிடும். ஈரத்துணி சுற்றிக் காத்திருக்க வேண்டும். நல்லதும் சொன்னார். இன்ஜின் பிடித்துக்கொள்ளவில்லை, கையால் சுற்றினால் சுற்றுகிறது. 13 அங்குல டயர் இன்றைக்கும் கிடைக்கும். கார்பரேட்டர் எளிமையானது.

வீட்டுக்கு வந்து கணக்கு எழுதினேன். வண்டி விலை 2,25,000. சேஸி வெல்டிங், டிங்கரிங், பெயிண்ட் 2,50,000. இன்ஜின் 80,000. பிரேக், வயரிங், டயர், குழாய்கள் 70,000. புதுப்பிப்பும் தாமதக் கட்டணமும் 30,500. மொத்தம் 6,55,500 ரூபாய். நான் ஒதுக்கி வைத்திருந்தது 4 லட்சம். பி.காம். படித்தவன் இதோடு நிறுத்தக் கூடாது. அந்தப் பணம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருந்தால் 8.2 சதவீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ 53,750 வட்டி வரும். அது போய்விடும். பராமரிப்பு, பேட்டரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000. காப்பீட்டில் மூன்றாம் நபர் பகுதி பெரிதல்ல. 1,000 சிசிக்குள் இருப்பதால் 2,094 ரூபாய், வரி தனி. ஆனால் இந்த வண்டிக்கு மதிப்பு எவ்வளவு என்பதைக் காப்பீட்டுக் கம்பெனியோடு பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு 40 ஞாயிறு ஓட்டுவதாக வைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 2,344 ரூபாய். பெட்ரோல் நீங்கலாக.

நோட்டைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரம்மா, "ஏங்க, இந்தக் காசுக்கு ஏசி டாக்ஸி வெச்சு வாராவாரம் ஒரு கோயிலுக்குப் போலாமே" என்றார். பிறகு அவரே, "உங்களுக்கு வேணும்னா வாங்குங்க. உங்களுக்குன்னு என்ன வாங்கியிருக்கீங்க" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை இன்னும் இரண்டு மாதம் அலையவிட்டது.

உண்மையைச் சொன்னால், பணம் என்னைத் தடுக்கவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் யாரும் வட்டிக் கணக்குப் பார்த்து வாங்கியதில்லை. முடிவு செய்தது வேறு ஒரு கேள்வி. ஒருநாள் பிட்டர் நண்பரிடம், "அண்ணே, வாங்கினா நீங்க பாத்துக்குவீங்கல்ல?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பாத்துக்குவேன் சார். ஆனா நான் கீழ படுத்தா எழுந்திரிக்க இப்ப ஒரு ஆள் வேணும். எனக்கப்புறம் யாரு?" என்றார்.

கம்பெனி மூடி இத்தனை வருடம் ஆகிவிட்டது என்று முன்பு சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் வருகிறது. ஃபியட், அதாவது பத்மினி, அதற்குப் பிறகும் பல வருடம் வந்தது. அம்பாசடர் 2014 வரை வந்தது. அவற்றுக்குச் சாமானும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த ஆளும் பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ அகப்படுவார். ஹெரால்டுக்குச் சாமான் வேண்டுமானால் இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம், அல்லது லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். இரண்டுக்கும், எது வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். எனக்கு இருந்தவர் ஒரே ஒருவர். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத நான் வாங்கினால், ஒரு 72 வயதுக்காரரின் முதுகெலும்பை நம்பி வாங்குகிறேன் என்று அர்த்தம். வார இறுதி வண்டி என்றால் வாரம் ஒருநாள் வேலை என்று நினைக்கிறோம். ஓட்டாத ஆறு நாளில்தான் பழைய கார் கெடுகிறது. பிரேக் ஆயில் கசியும், பேட்டரி இறங்கும், டயர் நின்ற இடத்திலேயே தட்டையாகும். ஆக நான் வாங்கப் போவது கார் அல்ல, ஒரு பொறுப்பு. அதை ஏற்க என்னிடம் கையும் இல்லை, காலமும் இல்லை.

பேத்தியைப் பின் சீட்டில் உட்கார வைத்துப் போக வேண்டும் என்பதும் என் கனவில் இருந்தது. அந்தக் காரில் சீட் பெல்ட் கிடையாது. ஆர்ச் கேட் தாண்டினால் ஹைவேயில் லாரிகள் போகிற வேகம் உங்களுக்குத் தெரியும். 1971 ரோடு வேறு, இன்றைய ரோடு வேறு.

செப்டம்பரில் கடலூர் போய் அந்த அம்மாவிடம் நேரில் சொன்னேன். "வாங்கலைம்மா. என்னால காப்பாத்த முடியாது." அவர் முகம் வாடியது. ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. சேஸியின் நிலையை மறைக்காமல் சொன்னேன். இந்த நிலையில் 2,25,000 கிடைப்பது கடினம் என்பதையும் சொன்னேன். முதலில் வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்து ஆர்சியைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி, விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை நேராக யாருக்கும் விற்க முடியாது. புதுச்சேரியில் சொந்தமாகப் பட்டறை வைத்துப் பழைய கார்களைச் சரிசெய்யும் ஓர் இளைஞரைப் பிட்டர் நண்பர் விசாரித்துப் பிடித்தார். அவர் 1,40,000-க்கு எடுத்துக்கொண்டார். உடைக்க மாட்டேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். லாரியில் ஏற்றும்போது நானும் ஒரு கை தள்ளினேன். அந்தக் காரோடு எனக்கு இருந்த பயணம் அந்தப் பத்தடிதான்.

அன்று ராத்திரி கோயம்புத்தூரில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தேன். கதை முழுவதும் சொன்னேன். 54 வயதாகிறது, தான் பிறந்த ராத்திரி அப்படி ஒரு காரில் அம்மா போனது அவளுக்குத் தெரியவே தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "அந்த இன்ஜினியர் மாமா பேர் என்னண்ணா?" என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. கார் கலர் ஞாபகம் இருக்கிறது, ஓட்டிக்கொண்டு வந்த மனிதர் பெயர் ஞாபகம் இல்லை. ஆறு மாதம் நான் காரைத் தேடியிருக்கிறேன், தேட வேண்டியது அவரை. டவுன்ஷிப்பில் அறுபது, எழுபதுகளில் இருந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். வெளிர்நீல ஹெரால்டு வைத்திருந்த இன்ஜினியர் யார் என்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவர் பிள்ளைகளுக்காவது ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

பழைய கார் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள், மூடிய ஷெட் உள்ளவர்கள், ஆர்சி உயிரோடு இருக்கும் வண்டி கிடைத்தவர்கள் தாராளமாக வாங்குங்கள். முதல் முறை என்றால் பத்மினியோ அம்பாசடரோ பாருங்கள். பெருவிலை சொகுசு ஐரோப்பியக் கார் பழசாகிக் குறைந்த விலைக்கு வந்தால், விலையைப் பார்க்காதீர்கள், ஒரு கண்ணாடியும் ஒரு பம்ப்பும் என்ன விலை என்று கேளுங்கள். எதுவானாலும் அடியில் குனிந்து பார்க்க ஒரு பிட்டரைக் கூட்டிப் போங்கள். நமக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு செக் எழுதுங்கள்.

புதுச்சேரிப் பையன் தை மாதத்துக்குள் வண்டியை ஓடவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். ஓடினால் ஒரு சுற்று கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னான். பின் சீட்டில் உட்காரத் தங்கையும் வருகிறேன் என்கிறாள்.